நீகாத்தா 3-ஆம் தொகுதி: தனாக்கா கக்குவேய் காலம் முதல் 2024 வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் தேர்தல் வரலாற்றைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே இந்தத் தொகுதியில் வந்து நிற்பார்கள். ஊழல் வழக்கில் தண்டனை பெற்ற முன்னாள் பிரதமர் தனாக்கா கக்குவேயை, தீர்ப்பு வந்த இரண்டே மாதத்தில், தன் வாழ்நாளிலேயே அவர் பெற்ற மிகப் பெரிய வாக்கோடு ஜெயிக்க வைத்த தொகுதி இது. அந்த ஒரு முடிவை வைத்துக்கொண்டு இங்குள்ள மக்களைப் பற்றி அவசரத் தீர்ப்பு எழுதியவர்கள் பலர். தேர்தல் முறையோடும் பனியோடும் சேர்த்துப் படித்தால்தான் அந்த எண்கள் புரியும்.

நீகாத்தா 3-ஆம் தொகுதி என்பது எந்தப் பகுதி?

ஜப்பான் கடலோரத்தில் உள்ள நீகாத்தா மாகாணத்தின் நடுப்பகுதி. நகாஓக்கா, சஞ்ஜோ, கஷிவசாக்கி, ஓஜியா ஆகிய நகரங்களும், வட உவோனுமா, தென் உவோனுமா, கரிவா போன்ற மாவட்டங்களின் சிற்றூர்களும் இதில் இருந்தன. 1947 முதல் 1993 வரை இந்தத் தொகுதி கீழவைக்கு ஒரே நேரத்தில் 5 பேரைத் தேர்ந்தெடுத்தது. 1996 தேர்தலிலிருந்து ஒற்றை உறுப்பினர் தொகுதிகள் வந்ததும் இந்த நிலப்பரப்பு துண்டுகளாகப் பிரிந்தது. இன்று நீகாத்தா 3 என்ற பெயரில் இருக்கும் தொகுதிக்கும் இதற்கும் குழப்பம் வந்துவிடக் கூடாது. இந்தப் பக்கத்தில் வரும் "பழைய 3" என்பது 1947–1993 காலத்துத் தொகுதி.

ஒரு தொகுதியில் 5 பேர் என்றால் வாக்காளர் எத்தனை வாக்கு போடுவார்?

ஒன்றுதான். இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாமே தப்பாகிவிடும்.

வாக்காளர் சீட்டில் ஒரே ஒரு வேட்பாளரின் பெயரைத் தன் கையால் எழுதுவார். எண்ணி முடித்ததும் மேலே இருக்கும் 5 பேர் உறுப்பினர்கள். முதலாமவர் இரண்டு லட்சம் வாங்கியிருந்தாலும், ஐந்தாமவர் நாற்பதாயிரம் வாங்கியிருந்தாலும் இருவருக்கும் அவையில் ஒரே மதிப்பு. முதலாமவரின் உபரி வாக்கு அவருடைய கட்சிக்காரருக்குப் போகாது. கட்சிக்கென்று தனியாக வாக்கும் கிடையாது.

குறைந்தபட்ச வரம்பு ஒன்று உண்டு. செல்லுபடியான மொத்த வாக்கைத் தொகுதியின் இடங்களால் வகுத்து, அதில் கால் பங்காவது வாங்கியிருக்க வேண்டும். நடைமுறையில் ஐந்தாம் இடத்துக்கு வருகிறவர் இதை எளிதாகத் தாண்டிவிடுவார்.

இந்த முறை வேட்பாளர்களை எப்படி மாற்றியது?

அவையில் பெரும்பான்மை வேண்டுமென்றால், ஐந்து இடத் தொகுதியில் ஒரு கட்சி இரண்டு, மூன்று பேரையாவது நிறுத்தியாக வேண்டும். அப்படி நின்றவர்கள் ஒருவருக்கொருவர் எதிரிகள். கொடி ஒன்று, கொள்கை ஒன்று என்றால் வாக்காளர் எதை வைத்து ஒருவரைப் பிரித்தெடுப்பார்? யார் எங்கள் ஊருக்குப் பாலம் கொண்டுவந்தார், யார் என் மகன் திருமணத்துக்கு வந்தார் என்பதை வைத்துத்தான். அதனால் ஒவ்வொருவரும் கட்சிக்கு வெளியே தனக்கென்று ஆதரவாளர் சங்கம் ஒன்றை வளர்த்துக்கொண்டார். பழைய 3-இல் ஆளுங்கட்சியான லிபரல் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சோசலிஸ்டுகளைவிடத் தங்கள் கட்சிக்காரர்களுக்கே அதிகம் அஞ்சினார்கள்.

இதில் அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று: கட்சி அளவுக்கு மீறி வேட்பாளர்களை நிறுத்தினால் வாக்கு சிதறி, ஜெயிக்க வேண்டியவரும் ஆறாம் இடத்துக்குப் போவார். குறைவாக நிறுத்தினால் ஒருவரிடமே வாக்கு குவிந்து வீணாகும். எத்தனை பேரை நிறுத்துவது என்ற கணக்குதான் அன்றைய கட்சி அலுவலகங்களின் பெரிய தலைவலி.

தனாக்கா கக்குவேய் எப்போதிலிருந்து நின்றார்?

முதல் முயற்சி 1946 ஏப்ரலில், தோல்வி. ஜப்பானியப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்த பொதுத் தேர்தல் அது. அந்த ஒரு தேர்தலுக்கு மட்டும் முறை வேறு: நீகாத்தா மாகாணம் இரண்டு பெருந்தொகுதிகளாக இருந்தது. தனாக்கா நின்ற 2-ஆம் தொகுதிக்கு 8 இடங்கள், வாக்காளர் இரண்டு பெயர்கள் எழுதலாம். அவர் 11-ஆவதாக வந்தார்.

1947-இல் பழைய 3 உருவானதும் 39,043 வாக்குடன் மூன்றாம் இடத்தில் ஜெயித்தார். அதிலிருந்து 1986 வரை 16 வெற்றிகள், ஒரு தோல்வியும் இல்லை. 1948 டிசம்பரில் நிலக்கரிச் சுரங்கங்களைத் தேசியமயமாக்கும் சட்டம் தொடர்பான லஞ்ச வழக்கில் கைதாகி, 1949 ஜனவரித் தேர்தலைச் சிறையிலிருந்தே எதிர்கொண்டு, கடைசி நாட்களில் ஜாமீனில் வந்து 42,536 வாக்கு வாங்கினார். அந்த வழக்கில் பின்னர் மேல்முறையீட்டில் விடுதலையானார். 1976-க்குப் பிறகு நடந்ததை எல்லோரும் பேசுகிறார்கள். வழக்கோடு நின்று ஜெயிப்பது அவருக்கு 1949-லேயே நடந்த ஒன்று.

அவர் வாக்கு ஏறி இறங்கிய விதம் என்ன?

1963-இல் 1,13,392. அப்போது அவர் நிதியமைச்சர். 1969-இல் 1,33,042. 1972 ஜூலையில் பிரதமரானார், அந்த டிசம்பரில் 1,82,681. 1974-இல் பணம் சேர்த்த விதம் பற்றிய குற்றச்சாட்டுகளால் பதவி விலகினார். 1976 ஜூலை 27 அன்று லாக்ஹீட் விமான நிறுவன லஞ்ச வழக்கில் கைதானார். லிபரல் ஜனநாயகக் கட்சியை விட்டு வெளியேறி, அந்த டிசம்பரில் சுயேச்சையாக நின்றார்: 1,68,522. கைதால் இழந்தது 14,159 வாக்குகள் மட்டுமே.

1979-இல் 1,41,285, 1980-இல் 1,38,598. இந்தச் சரிவைப் பலர் கவனிப்பதில்லை. 1983-இன் உச்சத்தை மட்டும் பார்த்தால் இந்த ஊர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு பின்தொடர்ந்தார்கள் என்று தோன்றும். எட்டு ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விலகிப் போயிருந்தார்கள் என்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

1983-இல் 2,20,761 வாக்கு எப்படி வந்தது?

அக்டோபர் 12 அன்று தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் நான்கு ஆண்டு சிறையும் 50 கோடி யென் அபராதமும் விதித்தது. அவர் உறுப்பினர் பதவியிலிருந்து விலக மறுத்தார், நாடாளுமன்றம் முடங்கியது, கீழவை கலைக்கப்பட்டது. டிசம்பர் 18 தேர்தல். நாவலாசிரியர் நொசாக்கா அக்கியூக்கி தன் மேலவை இடத்தை விட்டுவிட்டு இவரை எதிர்க்கவே இங்கு வந்து நின்றார். நாடு முழுவதிலுமிருந்து கேமராக்கள் வந்து குவிந்தன. வெளியூர்க்காரர்கள் எங்களைத் திட்டுகிறார்கள் என்ற உணர்வு பழைய ஆதரவாளர்களைத் திரும்பக் கொண்டுவந்தது. 1980-ஐவிட 82,163 வாக்குகள் கூடுதல், பதிவான வாக்கில் ஏறத்தாழ 47 விழுக்காடு. இரண்டாவதாக வந்த முராயாமா தத்சுவோ, நிதியமைச்சராக இருந்தவர், 50,000-ஐக்கூடத் தொடவில்லை.

இனி அந்த எண்ணைத் தேர்தல் முறையோடு வைத்துப் பாருங்கள். 2,20,761-ஐ மூன்றாகப் பிரித்தால் தலைக்கு 73,587. அதாவது இந்த வாக்கை மூன்று வேட்பாளர்கள் சமமாகப் பகிர்ந்திருந்தால் முதல் மூன்று இடமும் அவர்களுக்கே. நடந்தது என்னவென்றால், மூன்று இடத்துக்கான வாக்கு ஒரே ஒரு இடத்தை வாங்கியது. மீதி நான்கு இடங்களை, மற்ற 53 விழுக்காட்டு வாக்காளர்கள் நிரப்பினார்கள். வெற்றியின் அளவு பிரம்மாண்டம், அவையில் அதன் எடை ஒரே ஓர் உறுப்பினர்.

மாறாக, நாட்டின் மற்ற பகுதிகளில் லிபரல் ஜனநாயகக் கட்சி அடி வாங்கியது. 511 இடங்களில் 250 மட்டுமே. சிறு கட்சி ஒன்றின் துணையோடு ஆட்சி அமைத்த பிரதமர் நக்காசோனே, தனாக்காவின் செல்வாக்கை விலக்கி வைப்பதாக அறிக்கை விட வேண்டியதாயிற்று.

தண்டனை பெற்றவர் நின்றது சட்டப்படி சரியா?

சரிதான். தண்டனை இறுதியான பிறகுதான் போட்டியிடும் உரிமை போகும், மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை போகாது. 1987 ஜூலையில் உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் வழக்கு கிடக்கும்போதே 1993 டிசம்பர் 16 அன்று அவர் இறந்தார். வழக்கும் அத்துடன் முடிந்தது.

எத்சுசன்காய் என்றால் என்ன? எப்படி வேலை செய்தது?

தனாக்காவின் ஆதரவாளர் சங்கம். 1950-களில் சிறு சிறு குழுக்களாகத் தொடங்கி, உச்சத்தில் 95,000 உறுப்பினர் வரை இருந்ததாகச் சொல்வார்கள். அதன் அலகு கட்சிக் கிளை அல்ல, கிராமம். ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசி, இந்த ஆண்டு எது முதலில் என்று முடிவு செய்வார்கள்: சாலையா, ஆற்றங்கரையா, பள்ளிக்கூடமா. மனு மேலே போகும். தோக்கியோவில் மெஜிரோ பகுதியிலிருந்த அவர் வீட்டுக்குக் காலையிலேயே பேருந்தில் ஆட்கள் வந்து இறங்குவார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் சில நிமிடங்கள்தான். முடியும், முடியாது என்று அங்கேயே பதில் கிடைக்கும். அந்த உடனடிப் பதிலைத்தான் மக்கள் மதித்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வேலை வந்தால் ஒப்பந்தம் கட்டுமான நிறுவனங்களுக்குப் போகும். தேர்தல் வந்தால் அதே நிறுவனங்களின் ஆட்களும் வண்டிகளும் பிரசாரத்துக்கு வரும். எந்த ஊர் எத்தனை வாக்கு தந்தது என்பதும் பார்க்கப்பட்டது. குறைந்த ஊர்களுக்குப் பயம் இருந்தது.

பனிக்கும் வாக்குக்கும் என்ன தொடர்பு?

உவோனுமா பக்கத்து மலையூர்களில் ஒரு குளிர்காலத்தில் மூன்று மீட்டருக்கு மேல் பனி நிற்கும். சாலை மூடிவிட்டால் நோயாளியை முதுகில் சுமந்துதான் மருத்துவரிடம் போக வேண்டும். யமாக்கோஷி என்ற மலைப் பகுதியில் ஒரு சிற்றூர் மக்கள் 1933-இல் மண்வெட்டியோடும் கடப்பாரையோடும் மலையைக் குடைய ஆரம்பித்தார்கள். போரால் நடுவே நின்றுபோய், 1949-இல் மறுபக்கம் திறந்தது. ஏறத்தாழ 900 மீட்டர், முழுக்கக் கைவேலை. அரசு செய்யாததால் அவர்களே செய்த சுரங்கப் பாதை அது, இன்றும் இருக்கிறது. இப்படி ஓர் ஊரில் போய் "சாலைக்காக வாக்கை விற்றீர்களா" என்று கேட்பது நியாயமே இல்லை.

தனாக்கா அந்தத் தேவையைச் சட்டமாக்கத் தெரிந்தவர். பெட்ரோல் வரியைச் சாலைக்கே ஒதுக்கும் 1953 சட்டம், உறுப்பினர்கள் கொண்டுவந்த மசோதாவாக அவர் முன்னின்று நிறைவேற்றியது. பனிப் பிரதேசச் சாலைகளில் பனி அகற்றும் செலவை மத்திய அரசும் ஏற்கும் சட்டம் 1956-இல் வந்தது. ஜோஎத்சு ஷின்கான்சென் அதிவேக ரயில் 1982 நவம்பரில் ஓடத் தொடங்கியது. 1985 அக்டோபரில் கான்எத்சு நெடுஞ்சாலை மலையைத் துளைத்து முழுமையாகத் திறந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், பிப்ரவரி 27 அன்று, அவர் பக்கவாதத்தில் விழுந்திருந்தார்.

1986-இல் பிரசாரமே செய்யாமல் ஜெயித்தார் என்பது உண்மையா?

உண்மை. பேசவே முடியாத நிலை. ஒரு கூட்டத்திலும் தோன்றவில்லை. 1,79,062 வாக்கு, முதலிடம். அடுத்த மூன்றரை ஆண்டு அவைக்குப் போக முடியவில்லை. ஒரு தனிமனிதர் மேல் கட்டிய அமைப்பு அவர் விழுந்தால் என்ன ஆகும் என்பதை இந்தத் தேர்தல்தான் காட்டியது: சங்கம் வாக்கைச் சேர்த்துவிட்டது, ஆனால் மனுவுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. 1990-இல் அவர் ஒதுங்கியதும் சங்கம் கலைந்தது, வாக்குகள் பல கைகளுக்குப் போயின.

எதிர்க்கட்சிகள் இல்லவே இல்லையா?

நன்றாகவே இருந்தன. நீகாத்தா குத்தகை விவசாயிகள் இயக்கத்தின் மண். அந்த இயக்கத்திலிருந்து வந்த சோசலிஸ்ட் தலைவர் மியாக்கே ஷோயிச்சி இங்கிருந்து பல முறை ஜெயித்து, 1976 முதல் 1979 வரை கீழவைத் துணைத் தலைவராக இருந்தார். ஐந்து இடங்களில் ஒன்றோ இரண்டோ பல தேர்தல்களில் சோசலிஸ்டுகளுடையது. தனாக்காவுக்கு வாக்களித்தவர்களிலும் இடதுசாரி விவசாயக் குடும்பங்கள் உண்டு.

மகள் மக்கிக்கோ எப்படி வந்தார்?

1993-இல், ஐந்து இடத் தொகுதி முறையின் கடைசித் தேர்தலில், சுயேச்சையாக நின்று ஜெயித்தார். தந்தை அந்த ஆண்டின் இறுதியில் இறந்தார். 1994 சீர்திருத்தம் 300 ஒற்றை உறுப்பினர் தொகுதிகளையும் 200 விகிதாசார இடங்களையும் கொண்டுவந்தது. (இன்று 289-ம் 176-ம்.) பழைய 3 உடைந்தது: நகாஓக்காவும் உவோனுமாவும் புதிய 5-க்கு, கஷிவசாக்கி 2-க்கு, சஞ்ஜோ 4-க்கு. தனாக்கா பிறந்த நிஷியாமா 2-ஆம் தொகுதிக்குப் போய்விட்டது. மகள் நின்ற 5-ஆம் தொகுதியில் தந்தையின் ஊரே இல்லை.

1996, 2000 இரண்டிலும் லிபரல் ஜனநாயகக் கட்சியில் வென்றார். 2001-இல் வெளியுறவு அமைச்சர், 2002 ஜனவரியில் நீக்கம், அதே ஆகஸ்டில், அரசு தந்த செயலாளர் சம்பளத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக எழுந்த சர்ச்சையில் உறுப்பினர் பதவியையும் விட்டார். அக்டோபர் இடைத்தேர்தலில் ஹோஷினோ யுக்கியோ அந்த இடத்தைக் கட்சிக்கு மீட்டார். 2003-இல் மக்கிக்கோ சுயேச்சையாகத் திரும்பி வந்து வென்றார். 2005-லும் வென்றார், 2009-இல் ஜனநாயகக் கட்சியில் வென்றார். 2012 டிசம்பரில் கல்வி அமைச்சராக இருந்தபோதே தோற்றார்.

அவரைத் தோற்கடித்தது யார்?

நகாஷிமா ததயோஷி. 2004 அக்டோபர் 23 அன்று நடு நீகாத்தாவில் பெரும் நிலநடுக்கம் வந்தபோது யமாக்கோஷியின் ஊர்த் தலைவர். கிராமம் முழுவதையும் வெளியேற்றும் முடிவை எடுத்தவர். கையால் சுரங்கம் குடைந்த அதே யமாக்கோஷி. 2017 ஆகஸ்டில் அவர் இறந்தார். அந்த அக்டோபர் பொதுத் தேர்தலில் முன்னாள் ஆளுநர் இசுமிதா ஹிரோஹிக்கோ லிபரல் ஜனநாயகக் கட்சிக்காக ஜெயித்தார்.

2021-இல் தோற்ற இசுமிதா எப்படி உறுப்பினரானார்?

"விகிதாசார மறுபிறப்பு" என்று பேச்சு வழக்கில் சொல்லும் வழி. ஒருவர் ஒற்றைத் தொகுதியிலும், விகிதாசார இடங்களுக்காகக் கட்சி தரும் வட்டாரப் பட்டியலிலும் ஒரே நேரத்தில் நிற்கலாம். கட்சி பலரைப் பட்டியலில் ஒரே வரிசை எண்ணில் வைக்கும். தொகுதியில் ஜெயித்தவர்கள் நீங்கியதும், மீதிப் பேரை "இழுபறி விகிதத்தால்" வரிசைப்படுத்துவார்கள்: தோற்றவரின் வாக்கை அதே தொகுதியில் ஜெயித்தவரின் வாக்கால் வகுத்து வரும் விழுக்காடு. 100-க்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு முன்னே.

கவனிக்க வேண்டிய தடைகள்: தொகுதியின் செல்லுபடி வாக்கில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் மறுபிறப்பு கிடையாது, 30 லட்சம் யென் டெபாசிட்டும் போகும். சுயேச்சைக்குப் பட்டியல் இல்லை, அதனால் மறுபிறப்பும் இல்லை. எனவே சுயேச்சையாக நிற்பது பெரிய ஆபத்து. 2021-இல் அந்த ஆபத்தை ஏற்று இசுமிதாவைத் தோற்கடித்தவர் இன்னொரு முன்னாள் ஆளுநர், யோனெயாமா ரியூயிச்சி. அவர் இதே 5-இல் 2005, 2009 இரண்டிலும் லிபரல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக மக்கிக்கோவிடம் தோற்றவர், 2012-இல் வேறொரு கட்சியில் நின்றும் தோற்றவர். நான்காம் முறை, கட்சிச் சின்னம் எதுவும் இல்லாமல் வென்றார். கட்சியைவிட ஆளைப் பார்க்கும் பழக்கம் இந்த வாக்காளர்களிடம் இன்னும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

இப்போது இந்தப் பகுதி எந்தத் தொகுதியில்?

2022 எல்லை மாற்றத்தில் நீகாத்தாவின் தொகுதிகள் 6-லிருந்து 5 ஆயின. நகாஓக்காவின் பெரும்பகுதியும் கஷிவசாக்கியும் ஓஜியாவும் புதிய 4-இல் ஒன்றாகச் சேர்ந்தன. உவோனுமாவும் தென் உவோனுமாவும் தென்மேற்கில் ஜோஎத்சு நகரம் இருக்கும் புதிய 5-க்குப் போயின. 2024 அக்டோபரில் அரசியலமைப்பு ஜனநாயகக் கட்சி நீகாத்தாவின் 5 தொகுதிகளையும் வென்றது. அந்தக் கட்சியில் சேர்ந்திருந்த யோனெயாமா புதிய 4-இல் ஜெயித்தார்.

முடிவுப் பட்டியலில் வாக்கு எண்ணிக்கைக்குப் பின் தசமப் புள்ளி வருகிறதே?

அச்சுப் பிழை இல்லை. பெயரைக் கையால் எழுதுவதால் சிலர் குடும்பப் பெயரை மட்டும் எழுதுவார்கள். தனாக்கா என்ற பெயரில் இரண்டு பேர் நின்றால், வெறும் "தனாக்கா" என்ற சீட்டுகளைச் செல்லாதவையாக ஒதுக்காமல், இருவரும் தெளிவாகப் பெற்ற வாக்கின் விகிதத்தில் பங்கிடுவார்கள். அதில் வரும் பின்னம்தான் அது.

ஓர் ஊரின் வாக்கை 1947-லிருந்து தொடர்ந்து பார்க்க முடியுமா?

ஓரளவுக்கு. இந்தியாவைப் போல வாக்குச்சாவடி வாரியான கணக்கு ஜப்பானில் கிடைக்காது. ஒரு நகராட்சியின் எல்லாச் சாவடிகளின் சீட்டுகளையும் கலந்துதான் எண்ணுவார்கள். அதனால் மிகச் சிறிய அலகு நகராட்சி அல்லது கிராமம். மாகாணத் தேர்தல் ஆணையப் பதிவுகளில் அந்தந்த ஆண்டு ஊர் வாரி அட்டவணையை எடுத்து, முதலில் ஊர் இணைப்புகளின் தேதிகளைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யாமல் ஒப்பிட்டால் ஒரே பெயரில் இரு வேறு பரப்பை ஒப்பிடுவீர்கள். 2000-களின் இணைப்பு அலையில் நீகாத்தாவின் 112 நகராட்சிகள் 30 ஆகச் சுருங்கின. யமாக்கோஷி 2005 ஏப்ரலில் நகாஓக்காவோடும், நிஷியாமா அதற்கு அடுத்த மாதம் கஷிவசாக்கியோடும் சேர்ந்தன. கீழவைத் தேர்தல்களில் 2003 வரைதான் அந்த இரண்டு ஊர்களுக்கும் தனி எண் உண்டு.